டேங்க் நிறைய டீசல் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? ஆறு வருடம் யாட் ஓட்டிய அனுபவம்

படகு வாங்கியபோது கையில் கொடுத்த விளம்பரத் தாளில் "பயண தூரம்: 280 கடல் மைல்" என்று ஒரே வரி இருந்தது (ஒரு கடல் மைல் என்பது சுமார் 1.85 கி.மீ.). காருக்கு மைலேஜ் சொல்வதுபோல நானும் அதை நம்பினேன். ஆறு வருடம், 900 மணி நேர எஞ்சின் ஓட்டம் ஆன பிறகு சொல்கிறேன்: அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது காலி அலமாரி, சுத்தமான அடிப்பாகம், கண்ணாடி மாதிரி கடல், கடைசிச் சொட்டு வரை டீசல் என்று எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த ஒரு நாளின் எண். அப்படி ஒரு நாள் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

என்னுடையது 42 அடி மோட்டார் யாட். 370 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் இரண்டு, 700 லிட்டர் டேங்க் இரண்டு. முதல் வருடம் எஞ்சின் திரையில் தெரிந்த "மணிக்கு இத்தனை லிட்டர்" என்பதை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. பார்க்க வேண்டியது ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பது. மணிக்கான லிட்டரை வேகத்தால் வகுத்தால் வந்துவிடும்.

ஒரு அமைதியான காலையில் ஒவ்வொரு வேகத்திலும் பத்து நிமிடம், போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஓட்டிக் குறித்துக்கொண்டேன். 7 நாட் வேகத்தில் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மணிக்கு 12 லிட்டர், அதாவது மைலுக்கு 1.7 லிட்டர். 8 நாட்டில் மைலுக்கு 2.5. 10 நாட்டில் சட்டென்று 5. 12 நாட்டில் 5.5. அப்புறம்தான் வேடிக்கை: 18 நாட்டில் 4.9 ஆகக் குறைகிறது! 22-இல் 5.1.

காரணம் படகின் அடிப்பாகம் தண்ணீரில் உட்காரும் விதம். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், தண்ணீரை விலக்கிக்கொண்டு சுலபமாகப் போகும் வேகத்தின் எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். என் படகுக்கு அந்த நீளம் 36 அடி, ஆக 8 நாட். அதைத் தாண்டினால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயல்கிறது. மூக்கு தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் அமுங்கும், பின்னால் மலை மாதிரி அலை எழும். அந்த அலையை எழுப்பும் செலவெல்லாம் நம் டீசல்தான். 15 நாட்டைத் தாண்டி, படகு தண்ணீர் மேல் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் தணிகிறது.

இது காகிதத்தில் தெரிந்திருந்தும் மூன்றாம் வருடம் மாட்டிக்கொண்டேன். 140 மைல் பயணம். கேஜ் முள் முக்காலில் இருந்தது. 1400-இல் முக்கால், 1050 லிட்டர். 18 நாட்டில் 690 போதும், தாராளம் என்று கிளம்பினேன். பாதி வழியில் எதிர்காற்று வலுத்தது, அலை மூக்கில் அறைந்தது. 'மெதுவாகப் போனால் டீசலும் மிஞ்சும்' என்று 12 நாட்டுக்குக் குறைத்தேன். இருப்பதிலேயே மோசமான வேகம் அதுதான். காற்றும் அலையும் சேர்ந்து மைலுக்கு 6.5 லிட்டர் குடித்தது. துறைமுகத்தில் கட்டிவிட்டு நிரப்பியபோது 1238 லிட்டர் இறங்கியது. மிச்சம் 162. அதில் நூறு லிட்டர் உறிஞ்சு குழாய்க்கு எட்டாத அடிமட்டம். ஆக கையில் இருந்தது பத்து மைல் கூட வராத டீசல். அந்த எழுபது மைலை 7 நாட்டில் உருட்டியிருந்தால் நாலு மணி நேரம் தாமதமாகியிருக்கும், ஆனால் சுமார் 300 லிட்டர் மிஞ்சியிருக்கும்.

கேஜும் கைவிட்டது. டேங்க் படகின் வளைவோடு ஒட்டி, கீழே போகப் போகக் குறுகுகிறது. மிதவை அளப்பது உயரத்தை, லிட்டரை அல்ல. அடுத்த முறை காலியானபோது நூறு நூறு லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று குறித்தேன். முக்கால் என்றால் 960, பாதி என்றால் 560, கால் என்றால் வெறும் 210. அந்தச் சீட்டு இன்னும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. படகில் நான் செய்த வேலைகளில் இதுதான் உருப்படியானது. எஞ்சின் திரை காட்டும் மொத்த லிட்டரையும் நிரப்பும் அளவோடு ஒப்பிட்டேன். என்னுடையது ஆறு சதவீதம் குறைவாகச் சொல்கிறது.

நீரோட்டம் மெதுவாகப் போகிறவரைத்தான் அதிகம் கடிக்கும். 2 நாட் எதிர்நீரோட்டத்தில் 7 நாட் படகு தரையளவில் 5 நாட்தான் நகரும், 1.7 லிட்டர் 2.4 ஆகிவிடும். 18 நாட்டில் போகிறவருக்கு 4.9, 5.5 ஆகும், அவ்வளவுதான். அதனால் மெதுவாகப் போகும் நாளில் நீரோட்டம் திரும்பும் நேரம் பார்த்துக் கிளம்புகிறேன்.

அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பிடித்தால் எல்லாக் கணக்கும் கெடும். ஒரு வருடம் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டேன். 18 நாட்டில் 4.9 இருந்தது 6-ஐத் தொட்டது. ப்ரொப்பெல்லரில் மட்டும் சிப்பி இருந்தாலும் வித்தியாசம் தெரிகிறது.

எல்லோரும் மறப்பது ஜெனரேட்டரை. மணிக்கு 3 லிட்டர்தானே என்று தோன்றும். நங்கூரமிட்டு ஏசி போட்டு இரவுக்கு எட்டு மணி நேரம், பத்து இரவு என்றால் 240 லிட்டர். 7 நாட்டில் 140 மைல் போகும் டீசல் அது.

இப்போது மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடுவதில்லை என்ற பழைய கணக்கில்தான் ஓட்டுகிறேன். அப்படிப் பார்த்தால் கையில் 930 லிட்டர். வேகமாகப் போனால் நடைமுறையில் 180 மைல், 7 நாட்டில் 500-க்கு மேல். ஒரே படகு, ஒரே டேங்க். யாராவது "உங்கள் படகு எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டால், எவ்வளவு அவசரம் என்று திருப்பிக் கேட்கிறேன்.

போன மாதம் நிரப்பியபோது என் நோட்டு 610 லிட்டர் என்றது, இறங்கியது 628. அந்தப் பதினெட்டு லிட்டர் எங்கே போனது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஜெனரேட்டர் ஆறு மணி நேரம் ஓடிய ஒரு ராத்திரியை எழுதவே இல்லை.