கருப்பு வண்டியின் வட்டக் கீறல்கள்: சேலத்தில் நான்கு ஆண்டு அனுபவம்

2020-இல் வண்டி எடுத்தபோது, கருப்பு வேண்டாம், பராமரிப்பது கடினம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நிறத்தின் மீதிருந்த ஆசையால் கருப்பையே எடுத்தேன். ஓராண்டு கழித்து ஓரிரவு, ஐந்து ரோடு அருகே பெட்ரோல் பங்க்கில் நின்றபோது, கூரை விளக்கின் ஒளி பானெட்டில் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரிந்தன. பகலில் நிழலில் பார்த்தால் அதே பானெட் கண்ணாடியாகத்தான் இருந்தது. அன்று தொடங்கிய வேலையில் நான்கு ஆண்டுகளில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

வலை வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். நேர்கோட்டில் துடைத்தாலும் அப்படித்தான் தெரியும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை வேறு பக்கம் அனுப்பிவிடுகின்றன. வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் இருக்கும். அடிநிறமே வெளிச்சமாக இருப்பதால் அந்த வெளிறிய கோடுகள் அதில் கரைந்துவிடுகின்றன. கருப்பில் அவற்றுக்கு ஒளிய இடமில்லை.

கீறல் விழுவது நிறத்தில் அல்ல, அதன் மேல் கிடக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலத்தில். தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கீறலை எடுப்பது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள படலத்தைத் தேய்த்து இறக்குவது என்று பொருள். தேய்ந்து போனது திரும்பி வராது; வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலம்தான். இந்தக் கையிருப்பு எவ்வளவு சிறியது என்பது மனத்தில் பதிந்த பிறகு, பாலிஷ் போடுவதைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது.

அது பதிவதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். ஒரு பட்டறையில் ரப்பிங் பாலிஷ் போடக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் வண்டி பளபளத்தது, நானும் மகிழ்ந்தேன். நான்கைந்து வாட்டர் வாஷ் முடிவதற்குள் பழைய கோடுகள் அப்படியே திரும்பின. எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் கீறல்களை நிரப்பி மறைத்திருந்ததே தவிர, எதையும் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைச் சாய்த்துப் பிடித்ததால், வெயிலில் நகரும் ஹோலோகிராம் பட்டைகள் கதவுகளில் புதிதாக விழுந்திருந்தன. பாலிஷ் முடிந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பசை போன பிறகும் கோடு தெரியாவிட்டால்தான் அது உண்மையில் நீங்கியிருக்கிறது.

பிறகு டூயல் ஆக்ஷன் பாலிஷர் ஒன்றை வாங்கி நானே செய்தேன். இதன் பேட் (தேய்க்கும் பஞ்சு வட்டு) சுழலும்போதே அலைந்தும் ஆடுவதால் சூடு ஓரிடத்தில் தங்காது. புதியவர் கைக்கு இதுவே பாதுகாப்பானது. சேலத்து ஏப்ரல் வெயிலில் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும், பாலிஷ் மருந்து பரவுவதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஜனவரி மாதத்தில், மூன்று நாள் காலைப் பொழுதுகளில், கார் ஷெட்டுக்குள்ளேயே வேலையை வைத்துக்கொண்டேன். முதலில் நன்றாகக் கழுவி, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் ஒட்டியிருந்த துகள்களை எடுத்து, பாடியின் கூர்மையான மடிப்புகளில் பெயின்ட் மெல்லியது என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பானெட்டில் இரண்டடிச் சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். மென்மையான பேடில் மெகுயர்ஸ் 205 என்ற மென்மையான பாலிஷ் மருந்தைப் போட்டபோது பாதிக் கோடுகள் போயின. அதே மருந்தை நடுத்தர ஃபோம் பேடில் போட்டபோது மிகச் சில ஆழமான கோடுகள் மட்டும் எஞ்சின. வாங்கி வைத்திருந்த கடுமையான கட்டிங் காம்பவுண்டைத் திறக்கவே இல்லை. மிக மென்மையானதில் தொடங்கி, போதுமென்ற இடத்தில் நிற்பதுதான் இந்த வேலையில் முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் நான்கு சொட்டு மருந்து, குறுக்கும் நெடுக்குமாக நிதானமாக நான்கைந்து சுற்று, முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்வது: இந்த ஒழுங்கைக் கடைசிக் கதவு வரை விடவில்லை.

எடுத்ததைவிட, அது திரும்ப வராமல் பார்த்துக்கொண்டதுதான் பெரிய வேலை. எங்கள் குடியிருப்பில் ஓர் அண்ணன் நாள்தோறும் காலையில் பனியன் துணியால் வண்டிகளைத் துடைத்து வைப்பார். "துணியை தெனமும் அலசித்தான் தொடைக்கறேன், தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் துணியில் குறையில்லை. வண்டியின் மேல் படிந்திருந்த புழுதிதான் கீறியது. எங்கள் ஊர் மாக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைத் தூசியையே நாங்கள் குறை சொல்வது வழக்கம். ஆனால் மாக்னசைட் அவ்வளவு கடினமான கல் அல்ல. சாலைப் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் அதைவிட மிகக் கடினமானது. காய்ந்த துணிக்கடியில் அது உப்புத்தாளாகவே வேலை செய்கிறது. தினமும் துடைக்க வேண்டாம், தூசி இருந்தால் இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மாதப் பணத்தை மட்டும் குறைக்கவில்லை.

இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை நானே கழுவுகிறேன். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்குகிறேன். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, கழுவும் கையுறையை அலச ஒரு வாளி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறி இறங்கி வந்தால், கதவுகளின் கீழ்ப்பகுதியில் செம்மண் காய்ந்திருக்கும். அதை ஊற வைக்காமல் தொடுவதில்லை, அந்தப் பகுதிக்குத் தனிக் கையுறையும் வைத்திருக்கிறேன். போர்வெல் தண்ணீரின் உப்பு கருப்பில் வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்துவிடும் என்பதால், நிழலில் கழுவி, தடித்த மைக்ரோஃபைபர் துண்டை மேலே பரப்பி ஒற்றி எடுக்கிறேன்.

பெயின்ட்டின் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங்கும் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் உருண்டு ஓடுகிறது, கழுவுவது எளிதாகிறது; ஆனால் கீறலே விழாது என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். கோட்டிங்கின் மேலும் கோடு விழத்தான் செய்கிறது.

மூன்று ஆண்டு கழித்து, பானெட்டுக்கும் டிக்கிக்கும் மட்டும் மென்மையான பேடில் ஒரே ஒரு சுற்று போட வேண்டியிருந்தது. மற்ற பகுதிகளை இன்றுவரை தொடவில்லை. குப்பனூர் வழியாக ஏற்காடு போனபோது, எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியதில் உண்ணிச்செடி உரசி, இடப்பக்கக் கதவில் ஒரு கோடு விழுந்தது. நகம் வைத்தால் சிக்குகிறது. அதை எடுக்கப் போனால் கிளியர் கோட்டே மிஞ்சாது. அதன் விளிம்பை மட்டும் லேசாக மழுக்கிவிட்டு, அப்படியே விட்டிருக்கிறேன்.