வீட்டு பிபி மெஷின்: கைக்குப் பொருந்தும் பட்டை இருந்தால் மட்டும் வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மருந்துக்கடையில் பிபி மெஷின் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை எடுத்து வைப்பார்கள். முழங்கைக்கு மேலே பட்டை சுற்றுவது ஒன்று, மணிக்கட்டில் கட்டும் சின்னது இன்னொன்று. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேல்கை வகையை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். மணிக்கட்டை நெஞ்சு மட்டத்தில் அசையாமல் பிடித்திருந்தால்தான் அது ஒழுங்காகக் காட்டும். கை மடியில் கிடந்தால் அளவு கூடிவிடும். எந்தப் பட்டையும் எட்டாத அளவுக்கு மேல்கை பருத்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அதை யோசிக்கலாம்.

மேல்கை வகை ஏறக்குறைய 1500 ரூபாயிலிருந்து 3000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. புளூடூத், பேசும் குரல், செல்போன் செயலி இதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. அந்த மாடல் முறையாகச் சோதித்துத் தேறியதா என்பதுதான் முக்கியம். ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) என்ற அமைப்பின் இணையதளத்தில் தேறிய மாடல்களின் பட்டியல் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட மாடல் எண்ணை அதில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது பட்டை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு உரியது. தையல் டேப்பை எடுத்து, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்து பாருங்கள். 32 செ.மீ. தாண்டினால் பெரிய பட்டையோ, 22 முதல் 42 வரை எட்டும் அகலப் பட்டையோ வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் அளவு (120/80 என்றால் 120) சுமார் 5 புள்ளி கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சுமார் 20 புள்ளி கூடியது. 20 புள்ளி என்பது தேவையில்லாமல் ஒரு மாத்திரையைத் தொடங்கிவைக்கப் போதும். ஒட்டி மெலிந்த அப்பத்தா கையில் தொளதொளவென்ற பட்டை கட்டினாலோ அளவு குறைந்து காட்டி, இருக்கிற பிபியை மறைத்துவிடும். அதனால் வீட்டில் உள்ள எல்லோர் கையையும் அளந்து எழுதிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல், ஜாக்கெட் கை. இறுக்கமாகத் தைத்த கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு போல மேல்கையைக் கவ்விப் பிடிக்கும். துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாலும் அளவு தப்பும். தளர்ந்த கையுள்ள நைட்டியில் இருக்கும்போது பார்ப்பது சுலபம். இல்லாவிட்டால் ஒரு கையைக் கழற்றிவிட்டு முந்தானையால் போர்த்திக்கொள்ளலாம். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே நிற்க வேண்டும், குழாய் உள்ளங்கைப் பக்கமாக நடுவிரலை நோக்கி இறங்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி.

உட்காரும் இடத்துக்கு வருவோம். நம்ம ஊர் வீடுகளில் திண்ணையும் ஊஞ்சலும் இருக்க நாற்காலி எதற்கு என்று தோன்றும். பிபி பார்க்க இரண்டுமே ஆகாது. ஊஞ்சலில் முதுகுக்குச் சாய்மானமும் இல்லை, கைக்குத் தாங்கலும் இல்லை. திண்ணையில் கால் தொங்கும், இல்லையென்றால் சம்மணம் போட்டுவிடுவோம். சாய்மானமுள்ள நாற்காலி, பக்கத்தில் கையை நெஞ்சு மட்டத்தில் வைக்க ஒரு மேசை, உயரம் போதாவிட்டால் ஒரு தலையணை. இரண்டு பாதமும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. 5 நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். மெஷின் ஓடும்போது பேச்சு கூடாது, பட்டை காற்றை இறக்கும்போது கையில் எழும் அதிர்வை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது.

பல வீடுகளில் ஐயாவுக்கு அந்த 5 நிமிடம் கிடைக்கிறது, ஆச்சிக்குக் கிடைப்பதில்லை. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, குக்கர் விசிலுக்குக் காது கொடுத்தபடியே கையை நீட்டிவிட்டுப் போவார்கள். அந்த அளவை எழுதிவைப்பதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குப் பிபி ஏறும் வாய்ப்பு கூடுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு அவர்களும் முறையாக உட்கார வேண்டும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். காலையில் மாத்திரை போடுவதற்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரே மெஷினை நாலு பேர் பயன்படுத்தினால் அதன் நினைவில் எல்லார் அளவும் கலந்துபோகும், அது காட்டும் சராசரிக்கு அர்த்தமே இருக்காது. இரண்டு ஆள் பொத்தான் உள்ள மாடல் நல்லது, ஆளுக்கொரு பக்கம் பிரித்த நோட்டு அதைவிட நல்லது. இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு இந்த மெஷின் தடுமாறும்.

கர்ப்பிணிகளுக்கென்று தனியாகச் சோதித்துத் தேறிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். 140/90 தொட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 160/110 வந்தாலும், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்துகொண்டாலும் அது அவசரம். கர்ப்பத்தில் பிபி ஏறியவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம், பிரசவத்தோடு மறந்துவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மெஷின் உதவாது. பட்டையும் வேறு, வயதையும் உயரத்தையும் வைத்து அளவைப் படிக்கும் கணக்கும் வேறு. பிள்ளை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மெஷின் கூட்டிக் காட்டினால் அடுத்து பார்க்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. குழம்புக்குப் போடுவதை மட்டும் கணக்கில் வைக்கிறோம். உப்புக்கண்டம், கருவாடு, மோர் மிளகாய், கூழ் வற்றல், ஊறுகாய், அப்பளம் கணக்கில் வருவதே இல்லை. ஒரு வேளைக்கு இவற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இந்த மெஷின் ஒரு விஷயத்தைச் சொல்லவே சொல்லாது, அது மாரடைப்பு. நெஞ்சு அழுத்தம் வரும்போது பிபி பார்த்து, 120/80 என்று காட்டியதும் வாய்வுதான் என்று சோடா குடித்துப் படுப்பது ஆபத்து. பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில நேரம் அது இல்லாமலேயே, மூச்சுத் திணறல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வரும். மெஷினைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிள்ளைகள் வாங்கிவரும் மெஷின் நம்ம ஊர்களில் நிறைய உண்டு. அடாப்டரின் மூன்று தட்டை முள் இங்குள்ள பிளக் பாயின்ட்டில் நுழையாது, மாற்றுப் பட்டையும் இங்கே கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். வாரன்டி இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிட்டே வாங்கச் சொல்லுங்கள். பேட்டரி குறையத் தொடங்கியதும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். பட்டையின் ஒட்டுநாடா காற்றேறும்போது படபடவென்று பிய்ந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். வருடத்துக்கு ஒரு தடவை மெஷினை டாக்டரிடம் எடுத்துப் போய், அவர் மெஷினில் பார்த்த அதே கையில் இதையும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.