ரொட்டி வரியா, தடையற்ற வணிகமா: 1906 பிரிட்டன் தேர்தலில் மோதிய கொள்கைகள்

1906ஆம் ஆண்டு பிரிட்டன் பொதுத்தேர்தலில் கல்விச் சட்டம், தொழிற்சங்க உரிமை, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகளை அமர்த்தியது எனப் பல பிரச்சினைகள் மேடையேறின. ஆயினும் கட்சிகளைத் திட்டவட்டமாகப் பிரித்த கேள்வி, இறக்குமதித் தானியத்துக்கு வரி விதிக்கலாமா என்பதே. இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டது முதல் அந்நாடு பின்பற்றிவந்த தடையற்ற வணிகத்தை, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்கு வரி போடாத கொள்கையை, கைவிடுவதா, காப்பதா என்பதை வாக்காளர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கைவிட வேண்டும் என்றவர், பிரதமர் பால்ஃபரின் யூனியனிஸ்ட் (கன்சர்வேட்டிவ் கூட்டணி) ஆட்சியில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லைன். 1903 மே மாதம் பர்மிங்காமில் இக்கருத்தை எழுப்பிய அவர், செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்து, அக்டோபரில் கிளாஸ்கோவில் தம் திட்டத்தைக் கணக்கோடு முன்வைத்தார். சுமார் 218 கிலோ கொண்ட ஒரு குவார்ட்டர் அந்நியக் கோதுமைக்கு இரண்டு ஷில்லிங், இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் 5 விழுக்காடு, ஆலைப் பொருள்களுக்குச் சராசரி 10 விழுக்காடு வரி. குடியேற்ற நாடுகளின் தானியத்துக்கு வரியில்லை. ஏழைகளின் உணவு என்பதால் உப்பிட்ட பன்றி இறைச்சிக்கு (பேக்கன்) விலக்கு அளித்ததோடு, ஈடாகத் தேயிலை வரியில் முக்கால் பங்கையும் சர்க்கரை வரியில் பாதியையும் குறைப்பதாக அவர் உறுதியளித்தார். ஜெர்மனியும் அமெரிக்காவும் வரிச்சுவர் எழுப்பித் தம் தொழில்களை வளர்த்துக்கொண்டிருந்த நிலையில், பர்மிங்காம் உலோகத் தொழிலாளிக்கு இது வெற்றுப் பேச்சாகப் படவில்லை.

எதிரணியான லிபரல் கட்சியினரிடம் எதிர்வாதம் எளிமையாக இருந்தது. பிரிட்டன் உண்ட கோதுமையின் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. கூலியில் பெரும்பங்கு உணவுக்கே செலவான வீட்டில் எந்தத் தானிய வரியும் முதலில் அடுப்படியையே தாக்கும். சேம்பர்லைனின் கூட்டங்களைத் தொடர்ந்து ஊர் ஊராகச் சென்று லிபரல் தலைவர்களில் ஒருவரான ஆஸ்குவித் அவருடைய கணக்குகளை மறுத்தார். பெரிய ரொட்டியையும் சிறிய ரொட்டியையும் அருகருகே காட்டும் சுவரொட்டிகள் பரவின. இதற்கு விடையாகச் சேம்பர்லைன் பர்மிங்காம் மேடையில் இரண்டு ரொட்டிகளை உயர்த்திக் காட்டினார். ஒன்று, வரியால் குறையக்கூடிய அளவுக்கு மாவைக் குறைத்துச் சுடப்பட்டது. எது பெரியது என்று கண்ணால் சொல்வது கடினம். அவர் கணக்கு நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்று இரண்டு ஷில்லிங்கில் தொடங்கும் வரி நாளை அங்கேயே நிற்கும் என்பதற்கு அவரிடம் உத்தரவாதம் இல்லை. கூலிக்காரன் அஞ்சியதும் அதற்குத்தான். அன்றாடம் ரொட்டி வாங்கிய பெண்களுக்கோ அத்தேர்தலில் வாக்குரிமையே இல்லை.

1905 டிசம்பர் வரை பிரதமராக இருந்த பால்ஃபர் மூன்றாவது வழியொன்றைத் தேடினார். உணவுக்கு வரி வேண்டாம், நமக்கு வரி போடும் நாடுகளுக்குப் பதிலடி வரி மட்டும் போதும் என்பது அதன் சாரம். கட்சி உடையாமல் காக்கப் பயன்பட்ட இந்த ஏற்பாடு வாக்காளருக்கு எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. மூன்றிலும் மிகப் பலவீனமானது இதுவே.

முடிவில் 670 இடங்களில் லிபரல்கள் ஏறக்குறைய 400 இடங்களை வென்றனர். பால்ஃபரின் யூனியனிஸ்ட் அணி 157க்குச் சுருங்கியது. பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில் பால்ஃபரே தோற்றார். வணிகக் கொள்கைக்காகவே 1904இல் லிபரல் கட்சிக்கு மாறிய சர்ச்சில் அதே நகரில் வென்றார். பர்மிங்காமின் ஏழு தொகுதிகளும் மட்டும் சேம்பர்லைன் பக்கமே நின்றன.

அன்றைய தொழிலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் தடையற்ற வணிகமே சரியான தேர்வு என்பது என் முடிவு. அதேவேளை, போட்டியில் நலிந்த தொழில்களுக்கு லிபரல்களிடம் மருந்து இல்லை என்பதையும், முதியோர் ஓய்வூதியத்துக்குச் சுங்க வரியிலிருந்து பணம் காணலாம் என்ற சேம்பர்லைன் தரப்பின் வாதத்துக்கு அத்தேர்தலில் அவர்கள் முழு விடை தரவில்லை என்பதையும் மறைக்க முடியாது. 1908இல் ஓய்வூதியச் சட்டம் இயற்றிய பிறகு, 1909 வரவு செலவுத் திட்டத்தில் லிபரல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் செல்வந்தரின் வருமானத்தின் மீதும் நிலத்தின் மீதும் வரி விதிக்க முன்வந்தபோதுதான் அந்த விடை கிடைத்தது.