பெரிய கோவிலில் கைபேசி காட்டியதும் காட்டாததும்

மெல்பர்னிலிருந்து நான்கு வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்கு ஊர் வந்தோம். கேமராவைக் கட்டடத்துக்கு நேரே பிடித்தால் பெயரும் வரலாறும் திரையில் மிதந்து வரும் ஏ.ஆர். செயலிகள் இரண்டை என் மகள் அங்கிருந்தே கைபேசியில் இறக்கி வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. எனக்கும் ஆசைதான், தஞ்சைப் பெரிய கோவிலை அவள் மொழியில் யாராவது சொல்லட்டுமே என்று.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தோம். சாலையின் மேல் வரைந்ததுபோல அம்புக்குறி வந்து, கோவில் வாசல் வரை ஒழுங்காகக் கூட்டிப்போனது. தடுமாற்றம் உள்ளே போன பிறகுதான். கேரளாந்தகன் வாயிலும் இராசராசன் வாயிலும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் இரண்டு பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. திசைகாட்டியைச் சரிசெய்யக் கைபேசியைக் காற்றில் எட்டு போடச் சொன்னது. போட்டாள். பெயர்கள் விலகின, நாலு அடி நடந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டன. இவ்வகைச் செயலிகள் பலவும் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும் வைத்தே நாம் எதைப் பார்க்கிறோம் என்று கணிக்கின்றன. 2008-இல் வந்த விக்கிடியூட் என்ற ஏ.ஆர். செயலியின் காலத்திலிருந்தே இதுதான் அடிப்படை. தெருவில் இது போதும். சில அடிக்கு ஒரு சிற்பம் இருக்கும் இடத்தில் போதாது.

பெரிய நந்தி நாயக்கர் காலத்தது என்று சரியாகச் சொன்னது. அந்த நந்தியை இராசராசன் காலத்தது என்று நினைக்கும் பெரியவர்களே நிறையப் பேர், அதனால் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் விமானம். 216 அடி, 1010-இல் நிறைவு, எல்லாம் சரி. கீழே, "இதன் நிழல் தரையில் விழாது" என்று ஒரு வரி. மணி பத்தரை. கல் சுட்டதால் வெறுங்காலோடு ஓடிப்போய் நாங்கள் ஒதுங்கி நின்றதே அந்த விமானத்தின் நிழலில்தான். "அப்பா, அப்போ இது என்ன?" என்று காலடியைக் காட்டினாள். எனக்குக் கோபமே வந்தது. நிழல் விழும், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இப்படி ஒரு கோவிலைக் கட்டியவர்களுக்கு இந்தக் கட்டுக்கதை எதற்கு?

அருகே வழிகாட்டி ஒருவர் நின்றிருந்தார். "பாப்பா, அதை உள்ளே வை, இங்கே குனி" என்று அடித்தளக் கல்லைக் காட்டினார். கல் முழுக்க எழுத்து. கேமராவை நீட்டினாள். செயலி அதைப் பூவேலை என்று எடுத்துக்கொண்டது. அந்த எழுத்துக்குப் புள்ளி கிடையாது, வடிவமும் இன்றைய தமிழ் இல்லை. அவர் விரலை ஓட்டி வாசித்துக் காட்டினார். தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன இராசராசனின் அரசாணை. அக்கன் என்றால் குந்தவை. "ராஜா அக்கா பேரையும் சேர்த்தாரா?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏ.ஆர். உண்மையில் வேண்டிய இடம் இதுதான். இந்தக் கல்வெட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படியெடுத்து அச்சிடப்பட்டவை. கல்லின் மேல் கேமராவைப் பிடித்தால் அந்த வரி இன்றைய தமிழில் தெரியும்படி செய்ய மூலம் தயாராக இருக்கிறது. எப்போது வந்தாலும் முதல் ஆளாக இறக்கிக்கொள்வேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. செயலியை நம்பிப் போகாதீர்கள், முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

மறுநாள் எங்கள் ஊர்ச் சிவன் கோவில். செயலியில் வெற்றுத் திரை. வெயில் சாய்ந்ததும் சுவரில் எழுத்து நிழல் கட்டி எழும்பியது. வழிகாட்டி ஐயா காட்டித் தந்த 'க'வைத் தேடி மகள் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது வரியில் கிடைத்தது.