சிறு லாட்டுக்கு மெஷின் தரும் சாய ஆலை: ஓராண்டு அனுபவம்

திருப்பூரில் குழந்தைகள் ஆடை தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய பனியன் கம்பெனி எங்களுடையது. சொந்தச் சாயப்பட்டறை இல்லாததால், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைந்த ஓர் ஆலையிடம் ஓராண்டாகத் துணி கொடுத்து வருகிறோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

கிலோவுக்கு இவர்கள் கேட்கும் கூலி முன்பு கொடுத்த இடத்தைவிட அதிகம். ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்த பின் எங்களுக்குக் கைகொடுத்த ஐரோப்பிய ஆர்டர்கள், நிறத்துக்கு 150 கிலோ, 200 கிலோ என்றே வந்தன. மெஷின் நிறையாது என்று மற்றவர்கள் தட்டிக்கழித்த அந்த லாட்டுகளை இவர்கள் துணியைச் சாயநீரோட்டத்திலேயே சுழலவிடும் சிறிய சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களில் ஏற்றிக்கொண்டார்கள். லேப் டிப்பை, அதாவது முதலில் சிறு துண்டில் சாயமேற்றிக் காட்டும் மாதிரியை, பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கில் மட்டுமன்றி, கடைகளில் எரியும் டி.எல். 84 விளக்கிலும் காட்டிய பிறகே ஒப்புதல் கேட்கிறார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் ஷேட் மற்றொன்றில் பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பித் தவித்தவர்கள் நாங்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும், அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்த எவரும் அந்த உத்தரவைக் குறைசொல்ல முடியாது. இந்த ஆலையின் கழிவுநீர், ஆர்.ஓ. சவ்வுகளைக் கடந்து நன்னீராகத் திரும்புகிறது. பிரித்தெடுத்த உப்புக் கரைசலும் மீண்டும் சாயக் குளியலுக்கே வருகிறது. எங்களிடம் ஆடை வாங்கும் பையரின் ஆய்வாளர் வந்தபோது, நாள்வாரியான கழிவுநீர் மீட்டர் அளவுகளைப் பதிவேட்டைத் திறந்து உடனே காட்டினார்கள். கூடுதல் கூலியில் பாதி அந்தப் பதிவேட்டுக்கே என்று நினைத்துக்கொண்டேன்.

குறை, கழுத்துப் பட்டிக்கு வைக்கும் வரிவரியான ரிப் துணியில்தான். உடல் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே சாயக் குளியலில் போக வேண்டும் என்பது பாலபாடம். கடந்த மாதம் கருநீல லாட் ஒன்றில் ரிப்பைத் தனியாக ஏற்றிவிட்டதால் கழுத்து ஒரு படி கறுத்து வந்தது. மறுசாயத்துக்குக் கூலி வாங்கவில்லை என்றாலும் எங்களுக்கு நான்கு நாள் போயிற்று, கட்டிங் மேஜை சும்மா கிடந்தது. தவறைத் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளவே ஒரு நாள் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

வேலையை நிறுத்தவில்லை. இப்போது டெலிவரி சலானிலேயே 'ரிப்புடன் சேர்த்து' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறோம்.