எம்ஜிபி வச்சிருக்கவங்களுக்கு சம்மர்ல எது பெஸ்ட்: சில்வர்ஸ்டோனா, கோட்ஸ்வோல்ட்ஸ் ரோடா?

எம்ஜிபிங்கறது எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்துல எம்ஜி கார் கிளப் 1930-லயே ஆரம்பிச்சது, ஆபிஸ் இன்னும் ஆபிங்டன்லதான், அதாவது 1980-ல மூடின பழைய எம்ஜி ஃபேக்டரி இருந்த அதே ஊர்ல. சம்மர் வந்தா கிளப்காரங்களுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு சில்வர்ஸ்டோன் ரேஸ் ட்ராக்ல கூடுறது, இன்னொன்னு பத்து பதினஞ்சு வண்டியா சேர்ந்து கோட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் கிராமத்து ரோட்ல போறது.

சில்வர்ஸ்டோன்னா சும்மா இல்லங்க, 1950-ல முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் ரேஸ் நடந்த இடம், அதுக்கு முன்னாடி போர்க்கால விமானதளமா இருந்தது. அங்க வரிசையா நிக்கிற எம்ஜிய பாத்தாலே மனசு நெறஞ்சிடும், கெடைக்காத பார்ட்ஸ் கூட ஸ்டால்ல மாட்டும். ஆனா வெயில்ல கேட்ல க்யூ நிக்கும்போது டெம்பரேச்சர் முள்ளு ஏறும் பாருங்க, அதான் கஷ்டம், அப்போ ஹீட்டர ஃபுல்லா வச்சா இன்ஜின் சூடு கொஞ்சம் எறங்கும், நம்ம காலுதான் வேகும்.

கோட்ஸ்வோல்ட்ஸ் வேற மாதிரி. ஆபிங்டன்ல கெளம்பி பர்ஃபோர்ட், அப்புறம் பிபரி, ரெண்டு பக்கமும் தேன் கலர் கல்லு சுவரு, கூரைய மடிச்சு விட்டுட்டு மூணாவது கியர்ல போனா அந்த 1798 சிசி இன்ஜின் சத்தம் சுவர்ல பட்டு திரும்பி வரும். காத்து ரேடியேட்டர்ல நல்லா படும், சூடாகாது. ஒரு வண்டி நின்னா எல்லாரும் நிப்பாங்க, டூல்ஸ் எடுத்துட்டு வந்துருவாங்க.

புதுசா வாங்கினவங்க பார்ட்ஸுக்காகவும் நாலு பேர பழகவும் ஒரு தடவ சில்வர்ஸ்டோன் போங்க. எனக்கு கேட்டா கோட்ஸ்வோல்ட்ஸ்தான், இந்த வண்டி ஓட்டறதுக்குன்னே செஞ்சது, நிறுத்தி வச்சு பாக்க இல்ல.