பாதி வழியில் அணையும் மியூசிக் பிளேயர்: செட்டிங், பேட்டரி, புதுப் பிளேயர், எதை மாற்றுவது?

காலையில் நூறு விழுக்காடு காட்டிய பிளேயர், ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறி பாசிர் ரிஸ் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிட்டால், பழி நேராகப் பேட்டரி மேல்தான் விழும். பேட்டரி சுருங்கியிருக்கலாம். அல்லது பேட்டரி திடமாகவே இருக்க, அதிலிருந்து உறிஞ்சப்படும் மின்சாரம் கூடியிருக்கலாம். முதலாவதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. இரண்டாவதற்குப் புதுப் பேட்டரி போட்டால் காசுக்குத்தான் கேடு. எது என்று தெரியாமல் கடைக்குப் போகவேண்டாம்.

கண்டுபிடிக்க ஒரு யுஎஸ்பி மீட்டர் போதும். உள்ளே போகும் மின்சாரத்தை அளக்கும் விரல் நீளக் கருவி. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுவது. பிளேயர் தானாக அணையும்வரை பாட்டை ஓடவிடுங்கள். பிறகு மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்கும்போது எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சின்னப் பிளேயர்களில் சார்ஜ் சுற்று எளிமையானது. உள்ளே போன மில்லி ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஏறக்குறைய பேட்டரியில் சேர்ந்த அளவேதான். மெல்லிய ஐபாட் கிளாசிக்கின் பேட்டரி 550 மில்லி ஆம்பியர் மணி. மீட்டர் 500 காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். 250 என்றால் பாதி போய்விட்டது. ஆண்ட்ராய்டு பிளேயர்களில் வோல்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் வாட்-மணிக் கணக்குதான் ஒத்துவரும். 1500 மில்லி ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 5.5 வாட்-மணி. வழியில் வீணாவதையும் சேர்த்து மீட்டர் 6 முதல் 6.5 வரை காட்டவேண்டும். 4-இல் நின்றால் பேட்டரி கிழடாகிவிட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 40 விழுக்காட்டிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கணக்கு வைக்கும் சில்லு தடுமாறியிருக்கலாம். ஒருமுறை முழுதாகத் தீர்த்து, இடைவிடாமல் முழுதாக ஏற்றிப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் பேட்டரியின் உள்தடை ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

செலவில்லாத வழி: உறிஞ்சலைக் குறைப்பது

மீட்டர் நல்ல எண் காட்டியவர்கள் இங்கேயே நிற்கலாம். பெரிய தின்னிகள் வைஃபையும் திரையும். ஒலி 96.8 வானொலியைச் செயலி வழியாக நாள் முழுக்கக் கேட்பதும், மெமரி கார்டில் இருக்கும் பாட்டைக் கம்பி இயர்போனில் கேட்பதும் ஒன்றல்ல. சோனி என்டபிள்யூ-ஏ306 பிளேயருக்குச் சொல்லப்படும் 36 மணி நேரம், பிளேயரிலேயே இருக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (இழப்பில்லா வடிவம்) கோப்புக்கான கணக்கு. ஸ்ட்ரீமிங்கில் அதை எதிர்பார்க்கக்கூடாது. புளூடூத்தில் எல்டேக் என்னும் ஒலி அனுப்பும் முறையை நொடிக்கு 990-இலிருந்து 330 கிலோபிட்டுக்கு இறக்கினால் புளூடூத் சில்லின் வேலை குறையும். சில பிளேயர்களில் இருக்கும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு இயர்போன் துளையில் ஒலிபெருக்கும் சுற்றுகள் இரட்டிப்பாக இயங்கும். சாதாரண இயர்போனுக்கு அது தண்டச் செலவு.

பலரும் கவனிக்காத குற்றவாளி மைக்ரோ எஸ்டி கார்டு. அதில் ஒரு கோப்பு கெட்டிருந்தால், பாட்டுப் பட்டியலைத் தயாரிக்கும் நிரல் அங்கேயே முட்டி மோதித் திரும்பத் திரும்பத் தொடங்கும். திரை அணைந்திருக்கும், உள்ளே கணிக்கும் சில்லு ஓடிக்கொண்டிருக்கும். இரவில் கார்டோடு தூங்கவிட்டு விழுக்காட்டைப் பாருங்கள். மறுநாள் கார்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கார்டை ஃபார்மேட் செய்து, பாட்டுகளைப் பகுதி பகுதியாகத் திரும்ப ஏற்றினால் கெட்ட கோப்பு எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பிடிபடும்.

ஹார்டு டிஸ்க் ஐபாடின் கதை வேறு. 30 ஜிபி ஐபாட் வீடியோவில், வட்டிலிருந்து பாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் நினைவகம் 32 எம்பி. 256 கிலோபிட் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கும். மூன்று பாட்டுக்கு ஒருமுறை வட்டு சுழன்றால் போதும். அதே பாட்டு இழப்பில்லா வடிவத்தில் 30 எம்பியைத் தாண்டிவிடும். வட்டுக்கு ஓய்வே கிடைக்காது. அடிக்கடி பாட்டைத் தாண்டிவிடும் கையும் அதே கேட்டைச் செய்யும்.

பேட்டரி மாற்றம்: சொந்தக் கையா, கடைக்காரர் கையா?

பிளேயரைப் பொறுத்தது. ஐபாட் வீடியோவைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் வீட்டிலேயே திறக்கலாம். பின்மூடியைச் சட்டென்று இழுக்கக்கூடாது. இரு பாதிகளையும் இணைக்கும் நாடாக் கேபிள்கள் உண்டு. பேட்டரி நாடாவைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாளை மேலே தூக்கிய பிறகே நாடாவை உருவவேண்டும். தாழ்ப்பாள் உடைந்தால் மின்சுற்றுப் போர்டையே பழுதுபார்க்கும் வேலையாகிவிடும். திறந்த கையோடு வட்டை எடுத்துவிட்டு மைக்ரோ எஸ்டி அடாப்டரும் போட்டால் இரட்டை லாபம்: சுழலும் மோட்டார் ஒழிந்தது, வட்டு இருந்த இடத்தில் தடித்த பேட்டரி உட்காரும். பழைய பிளேயருக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

உலோக முகப்பு ஐபாட் கிளாசிக் அத்தனை இறுக்கம். பின்மூடி வளையாமல் திறப்பது அரிது. ஐபாட் நானோவில் பேட்டரி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுப்பசையால் மூடிய கண்ணாடிப் பிளேயர்களுக்குச் சூடு காட்டவேண்டும். கொஞ்சம் கூடினால் பேட்டரிக்கே ஆபத்து. இவற்றைக் கடைக்காரரிடம் விடுவதே என் தீர்ப்பு.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது மேலே இருக்கும் ஆறிலக்க எண்ணைப் படியுங்கள். 503759 என்றால் 5.0 மில்லிமீட்டர் தடிமன், 37 அகலம், 59 நீளம். தடிமனில் கூடிய பேட்டரியை அழுத்தி மூடக்கூடாது. கம்பிகள் இரண்டா மூன்றா என்று பாருங்கள். மூன்றாவது பெரும்பாலும் வெப்பத்தை உணர்வது. அது இல்லாத பேட்டரியைப் போட்டால் சில பிளேயர்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். பிளக் பொருந்திவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்: சிவப்பும் கறுப்பும் இடம் மாறிய பிளக்குகள் நிறைய. செருகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அதே அளவுப் பேட்டரியில் இரண்டு மடங்கு கொள்ளளவு என்று விளம்பரம் கண்டால் தாண்டிப் போங்கள்.

கருவியில் இல்லாத தனி லித்தியம்-அயன் பேட்டரியைப் பயணி விமானச் சரக்கில் ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொறுமை வேண்டும். உள்ளூரில் கையிருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரே மேல். சிம் லிம் ஸ்குவேரில் பழுதுபார்க்கும் கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள்: பேட்டரியின் உற்பத்தித் தேதி என்ன, திரை உடைந்தால் பொறுப்பு யாருடையது, எத்தனை மாத உத்தரவாதம். பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

புதுசு, அல்லது பவர் பேங்க்

பவர் பேங்க் மலிவான ஒட்டுவேலை. ஆனால் சின்னப் பிளேயர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் எதுவும் செருகவில்லை என்று நினைத்துத் தாமாக அணைந்துவிடும். குறைந்த மின்னோட்டப் பயன்முறை உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்கால் சார்ஜ் ஏற்றவும் அனுமதி இல்லை. நெடும்பயணத்துக்கு இது உதவாது.

புதுசு வாங்குவது யாருக்கு? பேட்டரியும் தேய்ந்து, இயர்போன் துளையும் ஆடி, ஆண்ட்ராய்டும் பழசாகிப் பாட்டுச் செயலிகள் ஓடாத பிளேயர் வைத்திருப்பவருக்கு. இவற்றில் ஒன்று மட்டும் என்றால் வேண்டாம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கான சட்டம்) எடுத்துக்கொள்ளும். இயல்பான தேய்மானத்துக்கு அது பொருந்தாது. ரசீதைத் தொலைக்காதீர்கள். புதுப் பேட்டரியோ புதுப் பிளேயரோ, வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போனால் மறுபடி இதே அலசல்தான். லித்தியத்துக்குச் சூடு ஆகாது, நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

கழற்றிய பழைய பேட்டரியின் முனைகளை டேப்பால் மூடி மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். வீவக வீட்டுக் குப்பைக் குழாயில் தள்ளினால் கீழே நசுங்கித் தீப்பிடிக்கலாம். உப்பியிருந்தால் குத்திப் பார்க்காமல், சார்ஜ் ஏற்றாமல், தீப்பற்றாத பாத்திரத்தில் தனியாக வைத்து, தொட்டியில் போடலாமா என்று மின்கழிவு சேகரிக்கும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.